கலந்ததும் கலக்காததும்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களும் அன்றாடம் குடிக்கும் பாக்கெட்டைத்தான் வாங்கிக் குடித்தார்கள். விடிந்ததும் வயிற்றெரிச்சல், வாந்தி, கண்ணில் மங்கல். முதல் சாவுகள் விழுந்தபோது, காரணம் சாராயமல்ல, வேறு உடல்நலக் கோளாறு என்று அதிகாரிகள் தரப்பிலிருந்தே பேச்சு வந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலரும் அதே பாக்கெட்டைக் குடித்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. இரண்டு நாளில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிரம்பி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பிரிந்து ஓடின. இறந்தவர்கள் 65 பேருக்கு மேல். சிகிச்சை பெற்றவர்கள் இருநூறைத் தாண்டினார்கள். கருணாபுரத்திலிருந்து காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம்.

இந்தச் சாவுகளைக் 'கள்ளச்சாராயச் சாவு' என்று எழுதினோம். அந்தப் பெயர் சரிதானா என்பதிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கள்ளச்சாராயம் என்றதும் கள்ளக்குறிச்சிக்காரர்களின் விரல் மேற்கே நீளும். கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தொடர். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி வாழும் மலை. 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதன்பிறகுதான் அரசு முழுமையாக உள்ளே வந்தது. சாலையும் ஆஸ்பத்திரியும் அதற்கும் பல ஆண்டு கழித்து, அரைகுறையாக. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் கடுக்காயையும் தண்ணீரில் போட்டு, ஓடையோரப் புதரில் பேரலைப் புதைத்து ஊறல் போடுவது இங்கே நெடுங்காலத் தொழில். காய்ச்சியது லாரி டியூபில் அடைபட்டு மலையிறங்கும். ஆண்டு முழுவதும் போலீஸ் மலையேறி ஊறலைக் கொட்டி அழிக்கும், படம் எடுக்கும், மறுநாள் செய்தித்தாளில் இத்தனை லிட்டர் என்று வரும். கருணாபுரத்துக்குப் பிறகு அந்தப் படங்கள் இன்னும் கூடின.

வேதியியல் வேறு கதை சொல்கிறது. அந்தப் பாக்கெட்டில் இருந்து ஆளைக் கொன்றது மெத்தனால். ஊறலில் மெத்தனால் உருவாகப் பெக்டின் வேண்டும். அது பழத்தோலிலும் சதையிலும் இருக்கும் பொருள். வெல்லத்தில் அது மிகக் குறைவு. ஆகவே வெல்ல ஊறலில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் தானாக ஊறி வராது. திராட்சையில் பெக்டின் இருப்பதால் ஒயினில் கொஞ்சம் மெத்தனால் இயல்பாகவே உண்டு. உலகத் திராட்சை, ஒயின் அமைப்பு அதற்கு வைத்திருக்கும் வரம்பு சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கு 250. இந்த அளவில் யாருக்கும் கண் போவதில்லை. கருணாபுரத்தைக் கொன்ற மெத்தனால் எந்த ஊறலிலும் ஊறியதல்ல. பெயின்ட், தின்னர், மருந்து, ஒட்டுப்பசை செய்யும் தொழிற்சாலைகளுக்கான கரைப்பான் அது. பீப்பாயில் அடைத்து லாரியில் வரும் சரக்கு. மலையிலிருந்து இறங்கியதன்று, சமவெளிச் சாலையில் வந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 22 பேர் இறந்தபோதும் இதே பீப்பாய்தான். 2001இல் பண்ருட்டியில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் மெத்தனால்தான். 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாட் பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் குடித்துச் செத்தது, தொழிற்சாலையிலிருந்து திருடப்பட்டுத் தண்ணீர் மட்டும் சேர்க்கப்பட்ட மெத்தனால் என்று போலீஸ் சொன்னது. காய்ச்சுகிறவனே இல்லாத சாராயம் அது. அடுப்பில்லை, ஊறல் இல்லை, புகை இல்லை. மோப்பம் பிடிக்க எதுவும் இல்லாத இந்தத் தொழிலுக்கு மலையேறிப் பேரல் உடைப்பதால் என்ன தடை வந்துவிடும்?

இது ஏழை நாட்டு நோய் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1986இல் இத்தாலியில் மலிவான திராட்சை ஒயினுக்குப் போதை ஏற்ற வியாபாரிகள் மெத்தனாலைக் கலந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன பீட்மான்ட் பகுதியின் மானம் கப்பலேறியது. 2012இல் செக் குடியரசில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்; சாவுகள் ஏறத் தொடங்கியதுமே அந்த அரசு 20 சதவீதத்துக்கு மேற்பட்ட எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுக்க இரண்டு வாரம் நிறுத்தி வைத்தது. ஈரானில் 2020இல் கொரோனாவுக்குச் சாராயம் மருந்து என்ற புரளியை நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் காரணம் வெவ்வேறு, சரக்கு ஒன்று.

மெத்தனால் உடம்புக்குள் செய்யும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் மற்ற எல்லாமும் அடங்கியிருக்கிறது. நாம் குடிக்கும் சாராயச் சத்து எத்தனால். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றும், அடுத்த நொதி அசிட்டிக் அமிலமாக, அதாவது ஏறக்குறைய வினிகராக, மாற்றும். மெத்தனால் உள்ளே போனாலும் அதே நொதிகள், அதே வேலை. ஆனால் வெளிவருவது முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம், எறும்புக் கடியில் இருக்கும் அதே அமிலம். இது செல்லின் மூச்சையே அடைக்கிறது. ரத்தம் அமிலமாகிறது. பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. தப்பிப் பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் திரும்புவதில்லை. பெரியவர் ஒருவரின் பார்வையைப் பறிக்க 10 மில்லி போதும். 30 மில்லி உயிரை எடுக்கலாம்.

இதில் கொடுமை, மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை, கல்லீரல் அதை மாற்றி முடிக்க 12 மணி முதல் 24 மணி நேரம் பிடிக்கும் என்பது. எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் பிரியம் அதிகம். முதலில் அதைக் கவனித்துவிட்டுத்தான் இதற்கு வரும். அதனால் குடித்தவன் இரவு நன்றாக இருப்பான். 'நானும்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்பான். துக்க வீட்டில் அந்தப் பாக்கெட் மறுபடி உடைக்கப்பட்டதை மூடத்தனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது. கண்ணெதிரே ஒருவன் குடித்து நலமாக இருக்கும்போது எதை வைத்து அஞ்சுவது?

சிகிச்சையும் அதே நொதியைச் சுற்றித்தான். நொதியைத் தடுத்து நிறுத்தும் ஃபோமெபிசோல் என்ற மருந்து 2013 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் நல்ல எத்தனாலையே அளந்து கொடுத்து நொதியைப் போக்குக் காட்டி நிறுத்துவார்கள்; டயாலிசிஸ் மூலம் விஷத்தை இறக்குவார்கள். கருணாபுரம் சமயத்தில் ஃபோமெபிசோல் கையிருப்பு பற்றிய சண்டை அரசியல் மேடைக்கு வந்தது. வந்த வேகத்தில் அது நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஓமெப்ரசோலோடு குழம்பிப்போனது. பெயரில் பாதி ஒத்திருந்ததால் வந்த குழப்பம். அந்த நாட்களில் சிரிக்க ஏதாவது இருந்ததென்றால் அது ஒன்றுதான். அதையும் சிரிக்க முடியவில்லை.

முறிமருந்தாக எத்தனாலைக் கொடுக்கலாம் என்றதும் எத்தனால் நல்லதாகிவிடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சாராயச் சாவுக்குப் பிறகும் நம் பொதுப்பேச்சு அந்தத் திசையில்தான் வழுக்குகிறது. 'கலப்படம்' என்ற சொல்லை அடிக்கடி சொல்லச் சொல்ல, கலப்படமில்லாததற்கு ஒரு நற்சான்று தானாகக் கிடைத்துவிடுகிறது. 'டாஸ்மாக் சரக்கையே குடிச்சிருக்கலாமே' என்பது அப்போது எல்லாத் தேநீர்க் கடையிலும் கேட்ட வாக்கியம்.

இந்த வழுக்கலைத் திராட்சையிலும் பார்க்கலாம். திராட்சை என்றால் பூச்சி மருந்து என்று நமக்கு ஒரு பயம். தள்ளுவண்டியில் குவித்திருக்கும் பன்னீர் திராட்சையின் மேல் வெள்ளைப் பூச்சாகத் தெரிவதை மருந்து என்று நினைத்து மஞ்சள் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறப்போடுகிறோம். அந்த வெள்ளை பெரும்பாலும் பழமே சுரக்கும் மெழுகு. இதனால் பயம் முழுக்கப் பொய் என்று ஆகாது. ஆண்டு முழுவதும் காய்க்கும் கம்பம் பள்ளத்தாக்கில், ஈரம் பட்டால் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் கொடியைப் பிடிக்கும். பூஞ்சணக்கொல்லி அடிக்காமல் அறுவடை காண்பது கடினம். மேலே படிந்தது கழுவினால் போகும், செடிக்குள் ஊடுருவும் வகை போகாது. 2010இல் இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்ததால் கப்பல் கப்பலாகச் சரக்கு முடங்கியது. அதன்பிறகு ஏற்றுமதிப் பெட்டிகளின் பரிசோதனை இறுகியது. ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிக்கு எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்ற பதிவெண் உண்டு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தொன்னையில் கட்டித் தருகிற அரைக் கிலோவுக்கு இல்லை.

ஒயினுக்கு வருவோம். 2008இல் ஐரோப்பிய அமைப்பு ஒன்று 40 புட்டி ஒயினைச் சோதித்து, வழக்கமான முறையில் விளைந்த திராட்சையில் செய்த எல்லாப் புட்டியிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாக அறிவித்தது. பெரும் பரபரப்பு. எச்சத்தின் அளவோ லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். அதே லிட்டரில், 12 சதவீத ஒயின் என்றால், 95 கிராம் எத்தனால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுபானத்தை முதல் பிரிவுப் புற்றுக்காரணி என்று வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே பிரிவு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் புற்றுக்கு அது வழி செய்கிறது. எத்தனால் உடம்பில் மாறும் அசிட்டால்டிஹைடுதான் அதில் முக்கியப் புள்ளி. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. எனவே ஒயின் புட்டியில் எச்சத்தைத் தேடுவது, வீடு எரியும்போது அடுப்பங்கரையில் புகைப்போக்கி சரியில்லை என்று குறைபடுவதைப் போன்றது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று நகரத்து நண்பர்கள் சொல்லும்போது இந்த 95 கிராமைத்தான் அவர்களிடம் சொல்வேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

திராட்சை தின்பவரைவிட மருந்தடிப்பவருக்குத்தான் ஆபத்து பல மடங்கு. கிராமத்தில் பூச்சிக்கொல்லிக்குப் பெயரே 'மருந்து'. இந்தப் பெயர்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. பரணில், மாட்டுக் கொட்டகையில், சில வீட்டில் சாமி மாடத்துக்கு அடியில்கூட இருக்கும். கள்ளக்குறிச்சி, பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும். 2017இல் பெரம்பலூரில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இறந்தார்கள்; அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 20 பேருக்கு மேல். இடுப்பில் ஒரு துண்டு, முகத்தில் ஒன்றுமில்லை, எதிர்க்காற்றில் தெளிப்பான்: இதுதான் நாம் காணும் மருந்தடிப்பு. மருந்து நெடி போகச் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் அடிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நெடி போகாது. தோல் வழியே ஏறியதை முறிக்க வேண்டிய கல்லீரலுக்கு அந்தக் குவார்ட்டர் இன்னொரு வேலை வைக்கும்.

பீகாரின் சாரண் மாவட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013 ஜூலையில் அங்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. 2022 டிசம்பரில் அதே மாவட்டத்தில், முழு மதுவிலக்கு உள்ள மாநிலத்தில், சாராயம் குடித்து 70 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு மாவட்டம், இரண்டு விஷம், ஒரே பழக்கம்: கொல்லும் பொருளை யார் வேண்டுமானாலும் எடுக்கும் இடத்தில் வைத்திருப்பது.

இதற்கு மாறாக நடந்த ஒன்றும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. பெரும்பாலானவை வீட்டிலிருந்த வயல் மருந்தால். குடித்திருந்த நிலையில், ஒரு கணக் கோபத்தில் நடந்தவை அவற்றில் நிறைய. இலங்கை அரசு மக்களுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. 1995இல் மிகக் கொடிய வகை மருந்துகளை விற்பனையிலிருந்தே விலக்கியது, 1998இல் எண்டோசல்ஃபான், பிறகு 2008 முதல் 2011க்குள் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான். விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இருபது ஆண்டில் 93,000 உயிர் மிஞ்சியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. கோபம் அங்கேதான் இருந்தது, குடியும் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் புட்டி மட்டும் இல்லை. தமிழ்நாடும் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாளுக்குத் தடைசெய்து பார்த்தது. அதற்குமேல் மாநிலத்தின் கை அதிகம் நீளாது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி நிரந்தரத் தடை மத்திய அரசின் வேலை.

கருணாபுரத்துக்குப் பிறகு நாம் எங்கே கை வைத்தோம்? மாவட்ட ஆட்சியர் மாற்றம், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம், ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். ஜூன் 29 அன்று சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு விளைவித்த விற்பனைக்கு ஆயுள் தண்டனை வரை ஏற்றியது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கல்வராயன் மலை மக்களின் நிலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இதை மட்டும் நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் ஊறலுக்குப் பின்னால் உள்ள சாலையையும் கூலியையும் பற்றி அது கேட்டது. திருத்தப்பட்ட சட்டம் 1937இல் பிறந்தது. ராஜாஜி இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்த சேலம் மாவட்டம், கல்வராயன் மலையின் மறுபக்கம்தான் இருக்கிறது.

மெத்தனாலுக்கென்று 1959 முதலே தமிழ்நாட்டில் விதிகள் உண்டு: உரிமம், இருப்புக் கணக்கு, கொண்டுபோகும் அனுமதி எல்லாம். ஏட்டிலிருக்கும் விதிகளுக்கும் பீப்பாய்க்கும் இடையில்தான் மரக்காணமும் கருணாபுரமும் நடந்தன. ஏற்றுமதித் திராட்சைப் பெட்டிக்கு இருக்கிற பதிவெண்ணின் பாதியளவு கவனம் மெத்தனால் பீப்பாய்க்கு இருந்தால், எந்த ஆலையிலிருந்து கிளம்பி எந்தக் கடையில் இறங்கியது என்று அந்த வாரமே தெரியும். கசப்பும் நிறமும் சேர்த்து விற்கலாம். வாங்கும் தொழிற்சாலை எவ்வளவு செலவழித்தது என்று சரிபார்க்கலாம். ஊறல் உடைப்பதைப் போல இதற்குப் படம் கிடைக்காது.

ஏன் அந்தப் பாக்கெட்டையே வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கு எளிது. 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு டாஸ்மாக்கில் மிக மலிவான குவார்ட்டரே 140 ரூபாயாக இருந்தது; பாக்கெட் அதில் பாதிக்கும் கீழே. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. மூட்டை தூக்கும் வேலை விடியற்காலையில் தொடங்கிவிடும். கை நடுக்கத்தோடு எழுகிறவனுக்கு நண்பகல் வெகுதூரம். அந்த நடுக்கத்தை உண்டாக்கியது மெத்தனால் அல்ல. வருஷக்கணக்காகக் குடித்த எத்தனால். அதில் பெரும்பங்கு சீல் வைத்த புட்டியில், ரசீதோடு விற்றது. 2023-24இல் அந்த விற்பனையால் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். மாநில ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குடிக்கிறார் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. மதுவால் 2019இல் உலகில் இறந்தவர்கள் 26 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்கள் குடித்ததில் ஆகப்பெரும்பாலும் கலப்படம் எதுவும் இல்லை.

முழுவிலக்கு ஒன்றே விடை என்று நான் சொல்லவில்லை. சாரணும் போட்டாடும் முழுவிலக்கு மாநிலங்களில்தான் இருக்கின்றன. தாலுகா மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்தும் படுக்கையும் கொடுத்துக் குடியை விடுவிக்கும் வசதி, மது விற்கும் கடையளவுக்கு அருகிலும் எளிதாகவும் கிடைக்கிற ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கருணாபுரத்தில் இறந்தவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. உள்ளுறுப்பு ஆய்வகத்துக்குப் போனது. அறிக்கையில் மெத்தனால் என்று எழுதினார்கள். அதே தெருக்களில் அதற்கு முந்தைய ஆண்டுகளில், வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்தவாந்தி எடுத்து இறந்தவர்களும் உண்டு. அவர்களின் இறப்புக் காரணத்துக்கான மருத்துவச் சான்றில் கல்லீரல் செயலிழப்பு என்றிருக்கும். குடித்தது என்ன என்று அதில் எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.